நாக்குக்கு அடியில் ஒரு நிமிடம்

1948 ஜூன் 9, புதன்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். 5.30க்கு வார்டுக்குள் போய் இரவு முறை பார்த்தவரிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். படுக்கை ஒன்பது, தாய்மார் எட்டுப் பேர், குழந்தைகள் ஏழு. எட்டாமவளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. 5.45க்குத் தெர்மாமீட்டர் வைக்கும் கிளாசில் கார்பாலிக் லோஷனை மாற்றினேன். 6 மணிக்கு மாணவிகள் வந்து சூடும் நாடியும் எடுத்தார்கள். 6.40க்குச் சார்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். 7 முதல் 7.30 வரை வகுப்பு. பிறகு கஞ்சி. வெயில் அதிகம், காற்று இல்லை.

என் டயரியில் அன்றைய பக்கத்தின் மேல்பாதியில் இவ்வளவுதான் இருக்கிறது. கீழ்ப்பாதியில் எழுத்து நெருக்கமாகி, ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கிறது. அதை விரித்து எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது.

என்னிடம் படித்த சரோஜா இப்போது மணிலாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்கிறாள். நர்சுகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது வார்டில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது அவளுடைய பொருள். ஓய்வு பெற்றவர்களிடமும் கேட்கிறாள். எனக்கு ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள்: எப்போதும், பெரும்பாலும், சில சமயம், அரிதாக, ஒருபோதுமில்லை. 'உங்கள் காலத்தில் கற்பித்த முறைப்படியே நோயாளிக்குச் சூடு பார்க்கப்பட்டதா?' என்பது பதினோராவது கேள்வி. அதற்கு எந்தக் கட்டத்தில் குறி போட்டாலும் பொய்யாகிவிடும் என்று பட்டது. படிவத்தைத் தனியாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் பெரம்பலூர்க்காரி. திருச்சியில் மூன்று வருஷம் பயிற்சி முடித்து, யுத்தம் முடிந்த வருஷம் அரியலூரில் ஒரு சிறிய பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிரசவம் பார்க்கப் பயிலும் நான்கு பெண்களுக்குப் பாடம் நடத்துவதும் என் வேலை. பாடப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பெண்கள் எட்டாவது வரை தமிழில் படித்தவர்கள். அதனால் நானே வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கி, நோட்டில் எழுதவைத்து, தினமும் காலையில் ஒப்பிக்கவைப்பேன். சூடு பார்க்கும் பாடம் இது: 'பாதரசத்தை உதறி இறக்கு. நாக்குக்கு அடியில் வை. உதட்டை மூடச் சொல். ஒரு நிமிடம் பார். எடுத்துத் துடை. படி. எழுது.' நால்வரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு சொல் தவறாது. எனக்கு அதில் பெருமை இருந்தது.

சார்ட்டில் 100.4 டிகிரியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பிரசவித்தவளின் சூடு அந்தக் கோட்டை இரண்டு தடவை தாண்டினால் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். பிரசவக் காய்ச்சலில் தாயைப் பறிகொடுக்காத ஊர் அந்தப் பக்கத்தில் அப்போது இல்லை. எங்கள் வார்டில் மட்டும் ஒன்றரை வருஷமாக ஒரு சார்ட்டிலும் சூடு அந்தக் கோட்டைத் தொட்டதில்லை.

இதை எங்கள் தலைமை நர்ஸ், மேட்ரன் எஸ்தர் அம்மா, ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார். அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள எதிரில் நிற்பவளுக்கு வியர்க்கும். யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கண்டதா, கேட்டதா?" கேட்டது என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பை விரலால் அளப்பார். சார்ட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் புதுத் தாளில் எழுதவைப்பார். அவருக்குக் கீழே வேலை பார்ப்பது கஷ்டம். ஆனால் எதைச் செய்தால் சரி, எதைச் செய்தால் தப்பு என்பதில் சந்தேகமே இருக்காது.

அந்தப் புதன்கிழமை ஆறாம் படுக்கை அஞ்சலை வீட்டுக்குப் போவதாக இருந்தது. செந்துறைப் பக்கத்துப் பெண், இருபது வயது, தலைப்பிரசவம். முந்தின வியாழக்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாள் வைத்திருப்பது வழக்கம். சார்ட் சுத்தமாக இருந்ததாலும் வீட்டில் வற்புறுத்தியதாலும் மேட்ரன் அம்மா ஏழாம் நாளே அனுப்பச் சம்மதித்திருந்தார். மாமனார் காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

9.20க்கு நான் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அஞ்சலையின் தாயார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, பொண்ணு உடம்பு கொதிக்குதுங்க. நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. வண்டியில போட்டுக்கிட்டுப் போலாங்களா?"

நான் சார்ட்டைப் பார்த்தேன். காலைச் சூடு 99.2. முந்தின நாள் மாலை 99.6. கோட்டுக்கு நன்றாகக் கீழே. பால் கட்டினால் இவ்வளவு இருக்கும், பயப்பட வேண்டாம் என்றேன். அவர் நகரவில்லை. அப்போதுதான் சார்ட்டில் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். நாடி 118; 99 டிகிரிச் சூட்டுக்கு அது மிக அதிகம். முந்தின மாலை 114. எழுதியவள் முத்தம்மாள், நால்வரில் மூத்தவள். அதன்கீழே என் கையெழுத்து இருந்தது. காலை 6.40க்கு அந்த எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். பிரசவக் களைப்பு என்று நினைத்து அடுத்த சார்ட்டுக்குப் போயிருந்தேன்.

அஞ்சலையின் நெற்றியில் கை வைத்தேன். தாயார் சொன்னது சரி. தெர்மாமீட்டரை எடுத்து உதறி, வாயைத் திறக்கச் சொன்னேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தாயார் என் கையைப் பிடித்தார்.

"என்னங்க இது? யாரு யாரு வாயில வச்ச எச்சியோ, அதை எம்மவ வாயில வெக்கிறீங்களே. அந்தப் பொண்ணு கக்கத்துலதானே வெச்சு எடுத்துச்சு."

அந்த வாக்கியத்தை அப்படியே டயரியில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அலமாரியில் அட்டைக் கூடு பிரிக்காத தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதை எடுத்து வந்து தாயார் கண்ணெதிரே பிரித்தேன். இது யார் வாயிலும் படாதது, இனி இது உங்கள் பெண்ணுக்கு மட்டும் என்றேன். அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாக்குக்கு அடியில் ஒரு நிமிடம் வைத்தேன். 102.6. பாதரசத்தை இறக்கி, அதையே கக்கத்தில் ஒரு நிமிடம் வைத்தேன். 100.2. மறுபடி வாயில் வைத்தேன். 102.6. அஞ்சலையின் அடிவயிற்றைத் தொட்டதும் அவள் முனகினாள். தீட்டுத் துணியில் கெட்ட வாடை இருந்தது.

முத்தம்மாளைத் துணி அலசும் இடத்தில் பிடித்தேன். தா.பழூர்ப் பக்கத்து நெல் விவசாயி மகள். கெட்டிக்காரி. பயந்தால் கூடத் தலை குனிய மாட்டாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"நாங்க வந்த ஒன்றரை வருசமாவே அப்படித்தாங்கக்கா. யாரும் வாயில வாங்க மாட்டேங்குறாங்க. பெரிய வூட்டுக்காரங்கதான் அப்படின்னு நெனச்சேன். களை எடுக்கப் போறவங்களும் மாட்டேங்குறாங்க."

"பொய்யா எழுதுனியா?"

"இல்லைங்க. பாதரசம் எங்க நின்னுச்சோ அதைத்தான் எழுதுனேன். நீங்க சொன்னாப்பல ஒரு நிமிஷம் எண்ணித்தான் எடுத்தேன். எங்க வெச்சேன்னு எழுத சார்ட்டுல இடம் இல்லைங்களே."

கக்கத்தில் சூடு ஏறக் குறைந்தது ஐந்து நிமிடம் வேண்டும். அப்படி வைத்தாலும் வாயைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகத்தான் காட்டும். இது புத்தகத்தில் அடுத்த பத்தியில் இருந்தது. பெரியவர்களுக்கு வாய்தான் வழக்கம் என்று சொல்லி, அந்தப் பத்தியை நான் தமிழாக்காமல் விட்டிருந்தேன். வாய்க்கு உரிய நிமிடத்தைக் கக்கத்துக்கு வைத்து, கக்கத்தின் எண்ணை வாய்க்கு உரிய கோட்டோடு ஒப்பிட்டு, ஒன்றரை வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் வார்டில் காய்ச்சல் இல்லை என்பதற்கு இருந்த சாட்சி அந்தத் தாள்கள்தாம்.

9.50க்கு மேட்ரன் அம்மாவின் அறைக்குப் போனேன். மேஜை மேல் அரையாண்டு அறிக்கை கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அஞ்சலைக்கு 102.6, அனுப்பக் கூடாது என்றேன்.

"கண்டதா, கேட்டதா?"

"கண்டேங்க. ரெண்டு தடவை."

பிறகு மீதியையும் சொன்னேன். முத்தம்மாள் பெயரை முதலில் சொல்லாமல், நான் தமிழாக்காமல் விட்ட பத்தியை முதலில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வார்டுக்கு நடந்தார். தானே ஒரு தடவை சூடு எடுத்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

புதன்கிழமை டாக்டரம்மா பெரம்பலூர் டிஸ்பென்சரிக்குப் போகும் நாள். தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரை எங்களிடம் இருந்தது. அவர் உத்தரவில்லாமல் கொடுக்க முடியாது. பெரம்பலூருக்குத் தந்தி அடிக்க ஆள் போனான். அதற்குள் மாமனார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும், நீங்களேதான் அனுப்புவதாகச் சொன்னீர்கள், பிறகென்ன என்றார். சார்ட்டில் ஒன்றும் இல்லை என்று முந்தின நாள் அவரிடம் சொன்னதும் நாங்கள்தான்.

மேட்ரன் அம்மா வண்டிக்கு அருகே போய் நின்றார். நானும் பின்னால் போனேன். வேறு ஏதாவது காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் பார்க்க வேண்டும், ஒரு கையெழுத்து பாக்கி என்று ஏதாவது.

"ஐயா, தப்பு எங்க மேல. பொண்ணுக்குக் காய்ச்சல் ரெண்டு நாளா இருக்கு, நாங்க இப்பத்தான் கண்டோம். இப்ப கூட்டிட்டுப் போனா பிழைக்கிறது கஷ்டம். இங்க விட்டுட்டுப் போங்க. நான் கூட இருக்கேன்."

மாமனார் கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். வாசலில் இன்னும் இரண்டு குடும்பத்தார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்காரங்க தப்புன்னு சொல்லி இன்னிக்குத்தாங்க கேக்குறேன்" என்றார் அவர். "இருக்கட்டும். மாட்டை அவுக்கிறேன்."

டாக்டரம்மா 1.15க்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முதல் மாத்திரை 1.40க்குக் கொடுத்தோம். பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த மருந்துக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுப்பதாவது என்று தாயார் செம்பை ஒளித்துவைத்தார். மேட்ரன் அம்மா சண்டை போடவில்லை. வெந்நீரில் சுக்குத் தட்டிப் போட்டால் கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுப்பேன் என்றார் தாயார். அன்று முதல் சுக்கு வெந்நீர், எத்தனை செம்பு என்று கணக்கு எழுதிக் குடிக்கவைத்தோம்.

வியாழன் காலை 103. மாலை 103.4. அன்று டயரியில் வேறு ஒன்றும் எழுதவில்லை. குழந்தைக்கு வேறொரு தாய் பால் கொடுத்தாள். மேட்ரன் அம்மா அஞ்சலையின் படுக்கை அருகே ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்து ஆபீஸ் காகிதங்களைப் பார்த்தார். என்னிடம் வேலையைப் பற்றி மட்டும் கேட்டார். என் வேலை நிரந்தரமானதல்ல. அரையாண்டு முடிவில் நீட்டித்து எழுத வேண்டியவர் அவர்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் நான் பயந்தது அதற்காக இல்லை. அந்தப் பெண் போய்விட்டால் என் கையெழுத்து அந்தத் தாளில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். மாணவிகள் நால்வர் கையிலும் தெர்மாமீட்டரைக் கொடுத்து, அவரவர் சூட்டை வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒருத்தியும் வைக்கவில்லை. ஒருத்தி தனக்குப் பல்வலி என்றாள். இன்னொருத்தி இன்று விரதம் என்றாள். முத்தம்மாள் மட்டும், "நீங்க வெச்சுப் பார்த்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

பார்த்ததில்லை. பயிற்சியில் ஆயிரம் பேர் வாயில் வைத்திருக்கிறேன், என் வாயில் வைத்ததில்லை. அவர்கள் எதிரே வைத்தேன். கார்பாலிக் கசப்பு நாக்கில் ஒட்டி, சாப்பாடு வரை போகவில்லை. அன்று முதல் மூன்று நாள், காலை மாலை, என் சூட்டை வாயில் ஒரு நிமிடம், கக்கத்தில் ஒரு நிமிடம், கக்கத்தில் ஐந்து நிமிடம் என்று மூன்று வரிசையாக எழுதினேன். மேட்ரன் அம்மாவும் நான் கேட்காமலே வந்து கையை நீட்டித் தன் சூட்டையும் எழுதவைத்தார். கக்கத்தில் ஒரு நிமிடம் வைத்த எண்கள் ஒழுங்கில்லாமல் அலைந்தன. ஐந்து நிமிடம் வைத்தவை வாய்க்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கீழே நிலையாக நின்றன. ஆராய்ச்சி என்ற சொல் அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. சரோஜா அதை அப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

வெள்ளி மாலை அஞ்சலைக்கு 101.8. சனி காலை 100.6. சனி மாலை 99.8. ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது தாயார் என் முகத்தைப் பார்ப்பார். ஞாயிறு மாலை 98.4, நாடி 84. தாயாரிடம் சொன்னதும் அவர் படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அஞ்சலை பக்கத்தில் இருந்த தெர்மாமீட்டரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் எத்தினி நாளைக்குங்க இந்தக் கண்ணாடிக் குச்சியைச் சூப்பணும்? புள்ளையே மறுபடி எங்கிட்டப் பால் குடிக்க ஆரம்பிச்சிட்டான்."

நானும் சிரித்துவிட்டேன். அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன் என்று டயரியில் இருக்கிறது.

ஆறு மணிக்கு மேட்ரன் அம்மா கூப்பிட்டார். பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார். படிக்கக் கொடுத்தார். இதுவரை வார்டில் காய்ச்சல் இல்லை என்று அனுப்பிய அறிக்கைகளை நம்ப வேண்டாம், சூடு தவறான முறையில் எடுக்கப்பட்டது, பொறுப்பு மேட்ரனாகிய என்னுடையது என்று இருந்தது. என் பெயரும் முத்தம்மாள் பெயரும் அதில் இல்லை. இனி எல்லோருக்கும் கக்கத்தில் ஐந்து நிமிடம் என்றும், சார்ட்டில் எங்கே வைத்தது என்று எழுத ஒரு வரிசை சேர்க்கப்படுகிறது என்றும், சிவப்புக் கோடு 99.4க்கு இறக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தார்.

என் பெயர் இருக்க வேண்டும் என்றேன்.

"உன் பேரை எழுதினா உன்னை மாத்துவாங்க. உன்னை மாத்தினா பாடம் மாறுமா?" என்றார். கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தடவை துடைத்தார். "முத்தம்மாளை ஏதும் சொன்னியா?"

"இல்லைங்க."

"சொல்லாதே. அவ நாடியைச் சரியா எழுதியிருக்கா. அது இல்லேன்னா அந்தப் பொண்ணு வண்டியில போயிருப்பா. நாம கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்போம்." கொஞ்சம் நிறுத்தி, "நீ சொல்லிக்கொடுத்தபடி முடியாம வேற எதெல்லாம் அவ மாத்திச் செய்யறாளோ, அது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

மறுநாள், 14ஆம் தேதி திங்கட்கிழமை, 7 மணிக்கு வகுப்பில் முதல் வேலையாக ஒப்பித்தலை நிறுத்தினேன். புது நோட்டைப் பிரித்து, பேனாவில் மை நிரப்பி, நால்வர் எதிரிலும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நான் சொல்லிக்கொடுத்ததில் வார்டில் செய்ய முடியாதது எதுவோ அதைச் சொல்லுங்கள், யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டேன், எழுதிக்கொள்ள மட்டும் செய்வேன் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முத்தம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதல்ல படுக்கையிலயே வெக்கிற பெட்பேனை எழுதிக்குங்கக்கா" என்றாள். எண் ஒன்று போட்டு எழுதினேன். 7.30க்குக் கஞ்சி மணி அடித்தபோது எண் பதினேழில் இருந்தோம்.